நாகர்கோவில் தெருப் பெயர்கள்: வடசேரிப் பலகைகளும் வீட்டுப் பத்திரங்களும்

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகச் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றுக்கு இருக்கும் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. சில நாட்களில் விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் போனது.

தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட இந்த விஷயம் குமரி மாவட்டத்தில் கூடுதலாகவே குழப்பும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்கு முந்தைய நில ஏடுகள் வேறொரு ஆட்சியின் முறைப்படி, வேறொரு ஆண்டுக் கணக்கில், பல இடங்களில் வேறொரு மொழியில் எழுதப்பட்டவை. மறுபக்கம், நாகர்கோவில் நகராட்சி 2019இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகளாகப் பிரிந்த நகரத்துக்குள், ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் விளையுமாக இருந்த இடங்கள் அடங்கியிருக்கின்றன.

ஆகவே மூன்று கேள்விகள் எழுகின்றன. தெருப் பெயர் மாறினால் பட்டா செல்லுமா? ஆசாரிபள்ளம், செட்டிக்குளம் போன்ற ஊர்ப் பெயர்களும் மாறுமா? பழைய பெயருக்கு என்ன ஆகும்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மாற்ற வேண்டிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே ஏட்டில் இணைத்து எழுதாமல் மாற்றினால், முப்பது வருடம் கழித்து வீட்டை விற்கப் போகிறவர் அல்லல்படுவார். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

ஒரு வீட்டுக்கு ‘முகவரி’ என்று நாம் சொல்வது உண்மையில் பல முகவரிகளின் கலவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அலுவலகம் வைத்திருக்கிறது.

1. வருவாய்க் கிராமம்: நிலத்தைக் கணக்கெடுக்கும் அடிப்படை அலகு. திருவிதாங்கூர் காலத்தில் இதற்குப் ‘பகுதி’ என்று பெயர். பகுதியின் அதிகாரி பார்வத்தியக்காரர். நாகர்கோவில் ஒரே ஊராகத் தெரிந்தாலும் வருவாய் ஏட்டில் வடசேரி, வடிவீஸ்வரம், நாகர்கோவில், நீண்டகரை என்று பல கிராமங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நகரின் மேற்குப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தில் ‘நீண்டகரை’ என்று பார்த்து, ‘கடற்கரை ஊரோ?’ என்று திகைப்பதற்கு இதுதான் காரணம்.

2. சர்வே எண், உட்பிரிவு எண்: நிலத்தின் உண்மையான அடையாளம். திருவிதாங்கூரின் பெரிய நில அளவை 1880களில் தொடங்கி 1911 வரை நடந்தது. பின்னால் மறு அளவையும், நகரப் பகுதிகளுக்கு டவுன் சர்வேயும் வந்தன. அதனால் ஒரே மனைக்குப் பழைய சர்வே எண், புதிய எண், டவுன் சர்வே எண் என மூன்று இருப்பது இங்கே சாதாரணம்.

3. வார்டு, தெரு, கதவு எண்: இவை உள்ளாட்சியின் ஏற்பாடு. சொத்து வரி, குடிநீர் இணைப்பு, குப்பை அள்ளுவது, வாக்காளர் பட்டியலின் பாகம் பிரிப்பது எல்லாம் இந்த வரிசையில் நடக்கின்றன.

4. அஞ்சல் எண்: அஞ்சல் துறையின் வட்டாரம். நாகர்கோவிலுக்கு 629001, கோட்டாற்றுக்கு 629002. இதற்கும் வார்டு எல்லைக்கும் தொடர்பு கிடையாது.

5. எல்கை: பத்திரத்தில் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதும் பகுதி. ‘வடக்கே இன்ன தெரு, கிழக்கே இன்னார் விளை’ என்று வரும். தெருப் பெயர் சட்டத்தோடு நேரடியாக உரசும் இடம் இதுவே.

முதல் இரண்டும் நிலத்தோடு ஒட்டியவை. மூன்றாவது, மன்றம் நினைத்தால் மாறக்கூடியது. ஐந்தாவது, எழுதிய நாளில் ஊர் வாயில் என்ன பெயர் இருந்ததோ அதை அப்படியே பிடித்துவைத்தது.

## பெயர் வைத்தது யார்?

நாகர்கோவிலும் அதன் புறநகர்களும் ஒரே நாளில் திட்டமிட்டு எழுந்தவை இல்லை. கோட்டாறு, வடசேரி, வடிவீஸ்வரம், ஒழுகினசேரி, இடலாக்குடி என்று தனித்தனியாக இருந்த ஊர்கள் நெருங்கி வந்து ஒன்றாயின. ஒவ்வொரு காலத்திலும் பெயர் வைக்கும் அதிகாரம் ஒவ்வொரு கையில் இருந்தது. பெயர்களைக் கொண்டு அந்தக் கைகளை அடையாளம் காணலாம்.

### நிலம் வைத்த பெயர்கள்

மிகப் பழையவை இவையே. எண்ணிக்கையிலும் இவையே அதிகம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ‘விளை’ என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், தண்ணீர் ஏறிப் பாயாத மேட்டு நிலம். தென்னையும் பனையும் மாவும் நிற்கும் தோட்டம். நெல் விளைவது தாழ்ந்த வயலில், ஏலாவில். வீடு கட்டியது விளையில். பெருவிளை, கட்டையன்விளை, சரக்கல்விளை, வடலிவிளை, வல்லன்குமாரன்விளை என்று நாகர்கோவிலைச் சுற்றி விளைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தால், இந்த நகரம் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவி வளர்ந்தது தெரியும். வடலி என்பது இளம் பனை. பனங்காடு போன பின்பும் பெயரில் பனை நிற்கிறது.

ஒரு பெயர் ‘விளை’ என்று முடிந்தால் அந்த இடம் பொதுவாக மேடு. ‘பள்ளம்’, ‘குளம்’ என்று முடிந்தாலோ, பழைய வயலின் பெயரைத் தாங்கியிருந்தாலோ, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று வாங்கும் முன்பே பெயரே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட பெயரை எடுத்துவிட்டு ஒரு மலரின் பெயரை மாட்டுவது அழகாக இருக்கலாம். நிலத்தைப் பற்றிய ஒரு தகவல் தொலைந்துபோகும்.

மரத்தடிப் பெயர்களும் இந்த வகைதான். நகரின் நடுவில் இருக்கும் வேப்பமூடு ஜங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூடு’ என்றால் இந்த வட்டாரத்தில் மரத்தின் அடி. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத இந்தச் சொல்லை எந்த அலுவலகமும் மாற்ற முயலவில்லை. நல்லதே.

### அரசர் வைத்தும் நிற்காத பெயர்

கோட்டாறு இந்தக் கூட்டத்தில் மூத்த ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நிலவியலாளர் தாலமி எழுதிய நிலவியல் குறிப்பில் ஆய் நாட்டு ஊராக இது வருகிறது. சோழர் இதைப் பிடித்த பிறகு ‘மும்முடிச்சோழநல்லூர்’ என்று பெயர் சூட்டினார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் இங்கே நிலைப்படை நிறுத்தப்பட்டது. படையும் கல்வெட்டும் பின்னால் இருந்தும் அந்தப் பெயர் ஊர் வாயில் ஏறவில்லை. சோழர் ஆட்சி போனது, பெயரும் போனது, கோட்டாறு கோட்டாறாகவே இருக்கிறது.

இதற்குச் சமகாலத்துச் சான்றும் உண்டு. வடசேரியில் இருக்கும் மத்திய பேருந்து நிலையத்துக்குக் கிறிஸ்டோபர் பெயர். மீனாட்சிபுரத்தில் இருப்பதற்கு அண்ணா பெயர். பலகையில் இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் ஆட்டோவில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் ‘வடசேரி பஸ் ஸ்டாண்ட்’ என்றுதான் சொல்வார்கள். ஆணையால் பலகையை மாற்றலாம். வாய்ப்பேச்சு மாற ஒரு தலைமுறையாவது வேண்டும், சில நேரம் ஆயிரம் ஆண்டும் போதாது. பெயர் மாற்றத்தைத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு பெயர்களும் நெடுங்காலம் சேர்ந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஏடுகளை அமைக்க வேண்டும்.

### போகும் இடத்தைச் சொல்லும் சாலைகள்

வடசேரிப் பக்கம் அசம்பு ரோடு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள அசம்பு மலையைக் காட்டும் பெயர் இது. பாலமோர் ரோடும் அப்படித்தான். கீரிப்பாறைக்கு மேலே இருக்கும் பாலமோர் எஸ்டேட்டை நோக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இந்த மலைகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். விளைச்சலைக் கீழே இறக்கவும் அரிசியையும் ஆளையும் மேலே ஏற்றவும் வண்டிப் பாதை வேண்டியிருந்தது. வடசேரி மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் வாசல்போல் இருந்ததால் சந்தையும் கூடியது. கனகமூலம் சந்தை இன்றும் இங்கே இருக்கிறது.

கன்னியாகுமரியை நோக்கிப் போவது கேப் ரோடு. கோர்ட் ரோடு, டிஸ்டிலரி ரோடு, ஆராட்டு ரோடு ஆகியவை அந்தந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்பவை. டிஸ்டிலரி என்றது சாராய ஆலையை. ஆராட்டு, உற்சவ மூர்த்தியை நீராட்டக் கொண்டுபோகும் சடங்கு. திருவிதாங்கூர்க் கோயில் வழக்கத்தின் தடம் ஒரு தெருப் பெயரில் தங்கியிருக்கிறது. வெட்டூர்ணிமடம் போன்ற ‘மடம்’ பெயர்கள் வழிப்போக்கர்கள் தங்கிய இடங்களை நினைவுபடுத்துபவை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாதையில், நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில், ஒரு மடத்துக்கும் அடுத்த மடத்துக்கும் இடையிலான தூரமே பயணத்தின் அளவு.

### மிஷனும் மகாராஜாவும்

1806இல் ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பணியின் தலைமையிடத்தைச் சார்லஸ் மீட் 1818இல் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அப்போது ஆட்சி செய்த ராணி கௌரி பார்வதி பாய் இடமும் பணமும் தந்து உதவினார். 1819இல் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் போடப்பட்டது. பள்ளிகள், அச்சகம், பின்னல் வேலை எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தன. மீட் தெரு, அலெக்சாண்ட்ரா பிரஸ் ரோடு, டதி பள்ளி, ஸ்காட் கல்லூரி என்று நகரின் நடுப்பகுதியில் இருக்கும் பெயர்கள் அந்த நூறு ஆண்டுகளின் வரவு. டபிள்யூ.சி.சி. (மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி) ரோடும் இந்த வரிசையில் பின்னால் சேர்ந்தது.

அரச மரபின் பெயர்கள் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றன. ராமவர்மபுரம் ஒன்று. வடசேரியின் எஸ்.எம்.ஆர்.வி. பள்ளி இன்னொன்று, ஸ்ரீமூல ராமவர்மா என்பதன் சுருக்கம் அது. 1893இல் ஸ்ரீமூலம் திருநாள் நகருக்கு வந்ததை ஒட்டிக் கட்டப்பட்ட மணிமேடை, பெயரில் அரசர் இல்லாமலே அரசரின் நினைவாக நிற்கிறது. மக்கள் அதைக் கோபுரமாகவும் கடிகாரமாகவுமே கண்டார்கள், அப்படியே அழைத்தார்கள்.

### 1956க்குப் பிறகு

தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டத்தை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரில் நேசமணி நகர் வந்தது. மாவட்டத்தின் அரசுப் பேருந்துக் கழகத்துக்கும் அவர் பெயர் இருந்தது. 1997இல், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வைத்ததால் கிளம்பிய மோதல்களை அடுத்து, எல்லாப் பெயர்களையும் அரசு ஒரேயடியாக நீக்கியது. நேசமணி என்ற பெயரும் பேருந்திலிருந்து இறங்கியது. ஒரு பெயரை வைப்பது மட்டுமல்ல, எடுப்பதும் அரசியலே என்பதைத் தமிழ்நாடு அப்போதே பார்த்துவிட்டது.

அதற்குப் பின் வந்த பெயர்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவுக்காரர்கள் வைத்தவை. வயலையோ விளையையோ வாங்கி, சர்வே எண்ணை உட்பிரிவாக உடைத்து, சாலை விட்டு, முன்னால் ஒரு வளைவு வைத்து ‘இன்ன நகர்’ என்று எழுதுவார்கள். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருந்தால், உள்ளே உள்ள சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேரும். அதன் பிறகே அது பொதுத் தெரு. அங்கீகாரம் இல்லாமல் பிரித்தவற்றுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்குள் விற்ற மனைகளுக்கு அது பொருந்தியது. வளைவில் எழுதிய பெயர் மன்றத்தின் ஏட்டில் ஏறாத வரை, சட்டத்தின் கண்ணில் அது விளம்பரம்தான்.

## தெருவே தடையாக இருந்த நாடு

‘சாதிப் பெயர் ஒரு பழைய பெயர்தானே, வரலாறுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே சாதி பலகையில் எழுதியிருந்தது மட்டுமல்ல; யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையே தீர்மானித்தது.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகுதான் 1859இல் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பித்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, நாகர்கோவிலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க உரிமை கேட்டு 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த டாக்டர் எம்.இ. நாயுடு அதற்கு முன்னின்றார். கேட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமை கூட இல்லை. தெருவில் கால் வைக்கும் உரிமை. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல்.

இந்தப் பின்னணியில், ஒரு தெருவின் தொடக்கத்தில் ஒரு சாதியின் பெயர் தொங்குவதை வெறும் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெயர் ஒரு காலத்தில் எல்லைக் கோடு. குறிப்பாக, ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை மற்றவர்கள் சுட்டிச் சொல்வதற்காக வைத்த பெயர்களை, அங்கே வாழ்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. வேலை விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போதே சாதியைச் சொல்ல வேண்டிய நிலை ஒரு இளைஞருக்கு ஏன் வர வேண்டும்?

## நான்கு வகைகள், நான்கு விடைகள்

சிக்கல், எல்லாச் சாதிச் சொற்களையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே கத்தரியால் வெட்டுவதில் இருக்கிறது. குறைந்தது நான்கு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. ஒதுக்கி வைப்பதற்காக ஒட்டிய பெயர். சாதிப் பெயரோடு ‘காலனி’ என்று முடிபவை இதில் சேரும். மாற்ற வேண்டும். என்ன பெயர் என்பதை அங்கே குடியிருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

2. தொழிலும் சாதியும் பின்னிய பெயர். வடசேரியின் கோயில் நகை வேலை உலகறிந்தது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் கைவினைஞர் தெருவுக்குச் சாதிப் பெயர் இருந்தால், சாதியை எடுத்துத் தொழிலை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ‘கோயில் நகைத் தெரு’ என்ற பெயரில் யாருக்கும் குறை இருக்காது; உழைப்பின் நினைவும் போகாது.

3. ஊர்ப் பெயருக்குள் கரைந்துபோன சொல். ஆசாரிபள்ளம் என்றால் மாவட்டத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செட்டிக்குளம் என்றால் ஜங்ஷன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சாதி வரும், ஆனால் பேசுகிறவர் மனத்தில் வருவதில்லை. இவற்றை மாற்றுவதால் கிடைப்பது குறைவு, இழப்பு அதிகம் என்பது என் கருத்து. 108க்கு அழைக்கிற ஒருவர் பதற்றத்தில் எந்தப் பெயரைச் சொல்வார் என்று யோசித்தால் போதும்.

4. ஆளின் பெயரோடு வரும் பின்னொட்டு. எழுபதுகளின் இறுதியிலேயே சென்னையில் தெருப் பெயர்களிலிருந்து பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. 2025 அக்டோபரில் அரசாணை வந்த அதே வாரத்தில் கோவையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. உடனே ‘இது பொருந்துமா?’ என்ற வாதம் எழுந்தது. இங்கேயும் அதே கேள்வி வரும். தெருவில் நடக்கும் உரிமைக்காக நின்ற எம்.இ. நாயுடுவின் பெயரில் ஒரு தெரு வைத்தால், ‘எம்.இ. தெரு’ என்றா எழுதுவது? ஒருவர் எந்தப் பெயரால் அறியப்பட்டாரோ அந்தப் பெயரை முழுதாக வைப்பதே சரி.

இந்தப் பட்டியலில் அடங்காத ஒன்றும் இருக்கிறது: ‘சேரி’. இன்றைய பேச்சில் இந்தச் சொல் ஒரே பொருளுக்குச் சுருங்கிவிட்டது. பழைய வழக்கில் சேர்ந்து வாழும் எந்த மக்களின் இருப்பிடமும் சேரிதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமண ஊரின் பிரிவுகளே சேரிகள் என்று வருகின்றன. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. வடசேரியும் ஒழுகினசேரியும் அந்தப் பழைய பொருளில் நிற்கும் பெயர்கள். கணினியில் ‘சேரி’ என்று தேடிப் பட்டியல் போட்டால் வடசேரியே அதில் வந்து நிற்கும். சொல்லை மட்டும் பார்க்கும் பட்டியல் எவ்வளவு தூரம் தடம் மாறும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாற்றுப் பெயராக மலர்கள், புலவர்கள், தலைவர்கள் என்று பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். மாநிலம் முழுக்க ஒரே இருபது பெயர்கள் விழுந்தால் மல்லிகைத் தெருக்கள் பெருகும், விலாசம் தேடுவது கடினமாகும். எல்லை விரியும் நகரங்களில் இது ஏற்கெனவே தலைவலி. ஒவ்வொரு பழைய ஊரும் தன் காந்தி தெருவையும் பள்ளிக்கூடத் தெருவையும் கூடவே கொண்டுவருகிறது. உள்ளூரில் பெயருக்குப் பஞ்சமும் இல்லை. இடலாக்குடியில் பிறந்து, 1907இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு செயல்களை நிகழ்த்திக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். தேரூரில் பிறந்து புத்தேரியில் வாழ்ந்த கவிமணி. ஒழுகினசேரியின் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இவர்களுக்கு அப்பால், மூடிய குளங்களும் வெட்டிய மரங்களும் இருக்கின்றன. குளத்தின் பெயரைத் தெருவுக்கு வைத்தால் தண்ணீர் போன வழியாவது நினைவில் இருக்கும்.

## பெயர் மாறினால் எந்த ஏடு அசையும்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தெருப் பெயர் மாறுவதால் யாருடைய உரிமையும் பறிபோகாது. பட்டா, தெருவை நம்பி நிற்பதில்லை. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றை நம்பி நிற்கிறது. வில்லங்கச் சான்றிதழுக்கும் கிராமமும் சர்வே எண்ணும்தான் அடிப்படை.

ஆனால் அசையாத ஏடுகளைச் சுற்றி அசையும் ஏடுகள் இருக்கின்றன:

1. சொத்து வரி ஏடு: வார்டு, தெரு வரிசையில் இருக்கிறது. பெயர் மாறும்போது வரி விதிப்பு எண்ணும் மாறினால், பழைய ரசீதும் புதிய ரசீதும் ஒரே வீட்டுக்கானவை என்று நிரூபிக்கும் சுமை வீட்டுக்காரர் தலையில் விழும்.

2. வழிகாட்டி மதிப்பு: பதிவுத் துறை இதைத் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வைத்திருக்கிறது. மாநகராட்சி பெயரை மாற்றி, பதிவுத் துறையின் பட்டியலில் பழைய பெயரே இருந்தால், எந்த மதிப்புக்கு முத்திரைத் தீர்வை கட்டுவது என்ற கேள்வி சார்பதிவகத்தில் எழும்.

3. எல்கை: மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். 1970இல் எழுதிய பத்திரத்தில் ‘தெற்கே இன்ன தெரு’ என்று இருக்கிறது. 2050இல் அந்தப் பெயரில் தெருவே இல்லை. வங்கியின் வழக்கறிஞர் கேட்பார், ‘இது எந்தத் தெரு?’ அன்றைக்குச் சாட்சி சொல்ல ஊர்ப் பெரியவர் யாரும் இருக்க மாட்டார்.

குமரி மாவட்டத்தில் மூன்றாவது சிக்கல் இரட்டிப்பாகும். 1956க்கு முந்தைய பத்திரங்களில் மலையாளத்தில் எழுதியவை ஏராளம். பகுதியின் பெயர், விளையின் பெயர், அடுத்த நிலத்துக்காரரின் வீட்டுப் பெயர் எல்லாம் மலையாள எழுத்தில் இருக்கும். தமிழில் பெயர்த்து எழுதும்போது ஒரே விளைக்கு இரண்டு மூன்று எழுத்து வடிவங்கள் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் தெருவுக்கும் புதுப் பெயர் என்றால், ஒரு வீட்டின் கதையைத் தொடர்ச்சியாகப் படிக்கவே முடியாமல் போகும்.

பெயர் மாற்றம் சட்டப்படி நடப்பதற்கு மன்றத் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். குடியிருப்போரின் கருத்தையும் கேட்க வேண்டும். ஒரு பலகையை யாரோ இரவில் மாற்றி வைத்தால் பெயர் மாறிவிடாது. தீர்மானத்தோடு கேட்டுப் பெற வேண்டியவை நான்கு:

1. பழைய பெயர், புதிய பெயர், மாறிய தேதி, தீர்மான எண், அந்தத் தெரு தொடும் சர்வே எண்கள் அடங்கிய ஒப்புமைப் பதிவேடு ஒன்றை மாநகராட்சி வைத்து, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும்.

2. அதன் நகல் சார்பதிவகம், வட்டாட்சியர் அலுவலகம், அஞ்சலகம், மின்வாரியம் நான்குக்கும் ஒரே நாளில் போக வேண்டும்.

3. குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு, சொத்து வரி ரசீதில் ‘முந்தைய பெயர்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். இழிவான பெயராக இருந்தால் அதைப் பலகையிலும் ரசீதிலும் அச்சிடத் தேவையில்லை. பதிவேட்டில் இருந்தால் போதும்.

4. மாற்றத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பெயரை மாற்றுவது அரசு. அதற்கு ஆவணம் திருத்தும் செலவு குடியிருப்பவர் தலையில் விழக் கூடாது.

## வீட்டில் இருக்கும் பழைய பத்திரத்தைப் படிக்க

மன்றம் செய்வதைச் செய்யட்டும். அதற்காகக் காத்திராமல் வீட்டுக்காரர் செய்துகொள்ளக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: மூலப் பத்திரத்தைத் தேதியோடும் எல்கையோடும் படித்து, இன்றைய பெயர்களை ஒரு தாளில் எழுதி உடன் வைப்பது.

பழைய பத்திரத்தில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது, ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் நடுவில், ஆவணி முதல் தேதியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதியானால் 825ஐயும் கூட்ட வேண்டும். 1110 ஐப்பசி என்றால் 1934. 1110 சித்திரை என்றால் 1935. நாகராஜா கோயில் தூண்களில், சமணப் பண்டிதர்களான குணவீரனும் கமலவாகனனும் பெயரோடு வரும் 681 முதலான ஆண்டுகளைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணக்கிடுவதும் இந்த முறையில்தான்.

பரப்பு ஏக்கர், சென்டில் இருக்கும். இன்றைய பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பழைய சர்வே எண்ணுக்கு நேரான மறு அளவை எண்ணையும், நகருக்குள் என்றால் டவுன் சர்வே எண்ணையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். நான்கு எல்கைகளுக்கும் எதிரே இன்று என்ன இருக்கிறது, அந்தத் தெருவுக்கு இன்றைய பலகைப் பெயர் என்ன, ஊரார் சொல்லும் பெயர் என்ன என்று எழுதுங்கள். அடுத்த கிரயம், தானம், பாகப்பிரிவினை எதை எழுதினாலும் சொத்து விவரத்தில் ‘முன்பு இன்ன பெயரால் அறியப்பட்ட தெரு’ என்று பத்திர எழுத்தரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த ஆணைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.